முதலில் சூடு, பிறகுதான் இரை

பாம்பு விழுங்கிய இரையைக் கக்கிவிட்டால், வளர்ப்பவர் உடனே செய்ய வேண்டியது அடுத்த இரையைக் கொடுக்காமல் இருப்பது. குறைந்தது பத்து நாள். பதினான்கு நாளானால் இன்னும் நல்லது. குடிக்கத் தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். அவசரத்தில் இருப்பவர்கள் இதை மட்டும் படித்துவிட்டுப் போய்க் கூண்டின் சூட்டைப் பாருங்கள். மீதியைப் பிறகு வந்து படிக்கலாம்.

பூண்டுலோயாவில் உட்கார்ந்துகொண்டு போவா என்ற பாம்பைப் பற்றி எழுதுவது ஏன் என்று கேட்பீர்கள். எனக்கு மாடுகளோடுதான் பழக்கம். தோட்டத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்குக் கன்று போடும்போதும் காய்ச்சல் வரும்போதும் கூட நின்று பழகியவன். பாம்புகளைப் பற்றிப் படிப்பது சின்ன வயதிலிருந்தே உள்ள ஆர்வம். என் அக்கா மகன் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறான். அங்கே போவா வளர்க்க உரிமம் தேவையில்லை. அவன் ஒன்று வளர்க்கிறான், பெயர் ராணி. போன குளிர்காலத்தில் ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான்.

“மாமா, ராணி திரும்பவும் கக்கிருச்சு.”

“கடைசியா எப்ப இரை குடுத்த தம்பி?”

“போன தடவை கக்கினதுக்கு அப்புறம் நாலு நாள் பொறுத்துதான் குடுத்தேன் மாமா. வயிறு காலியா கெடக்கே, பாவமா இருந்துச்சு.”

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாமெல்லாம் அப்படி வளர்ந்தவர்கள். லயத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் நாலு காம்பிராவிலிருந்து கஞ்சி வந்து சேரும். வாந்தி எடுத்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு “ஒரு வாய் குடிச்சிரு கண்ணு” என்று கெஞ்சாத தாய் இல்லை. மனிதருக்கு அது மருந்து. போவாவுக்கு அந்த ஒரு வாயே ஆபத்து. கக்கிய பாம்புக்கு நாலாம் நாள் இரை கொடுத்தால் அது மறுபடி கக்கும், மறுபடி கொடுத்தால் மறுபடி கக்கும். ஒவ்வொரு தடவையும் உடம்பிலிருந்து நீரும் உப்பும் போகும். பெரிய பாம்பு கொஞ்ச காலம் தாங்கும். பிறந்து சில மாதமே ஆன குட்டி, தொடர்ந்து இரண்டு மூன்று தடவை கக்கினால் பிழைப்பது கடினம்.

ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால் பொறுத்திருப்பது சுலபமாகும். நம் வயிற்றில் எந்த நேரமும் அமிலம் இருக்கிறது. நாள்கணக்கில் பட்டினி கிடக்கும் இந்தப் பாம்புகளின் வயிற்றில் அமிலம் அநேகமாக இருப்பதில்லை. இரை உள்ளே இறங்கிய பிறகே அது சுரக்க ஆரம்பிக்கிறது. ஒன்றிரண்டு நாளில் எலும்பைக் கரைக்கும் அளவுக்கு ஏறிவிடும். ஸ்டீபன் சீகரும் ஜாரெட் டயமண்டும் 1990களில் பர்மிய மலைப்பாம்புகளை வைத்து இதை விரிவாக ஆராய்ந்தார்கள். பெரிய இரை ஒன்றை விழுங்கியதும் பாம்பின் உடல் எரிக்கும் ஆற்றல் நாற்பது மடங்கு வரை ஏறுகிறது. சிறுகுடலின் எடை இரண்டு மடங்காகிறது. கல்லீரலும் சிறுநீரகமும்கூடப் பெரிதாகின்றன. செரித்து முடிந்ததும் எல்லாம் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். அரிதாக, ஆனால் பெரிதாகச் சாப்பிடுகிற போவாவின் உடம்பும் இந்த வழியில்தான் வேலை செய்கிறது. இவ்வளவு ஏற்பாட்டையும் முடித்துவிட்டுப் பாதியில் இரையைக் கக்கும்போது, சுரந்த அமிலமெல்லாம் தொண்டை வழியே திரும்பி வருகிறது. உணவுக்குழாய் புண்ணாகிறது. அந்தப் புண் ஆறவும், வயிறு மறுபடி தயாராகவும் நாள் வேண்டும். அவசரப்பட்டு இரை கொடுத்து அந்த நாளைத்தான் நாம் பறிக்கிறோம்.

விஷயம் கேள்விப்பட்ட அக்கா என்னிடம் கேட்டது, “மாடு அசைபோடுற மாதிரிதானேடா? வெளிய எடுத்துத் திரும்ப முழுங்கிக்காதா?” நல்ல கேள்வி. மாடு புல்லை வாய்க்குக் கொண்டுவருவது அதன் செரிமானத்தின் ஒரு பகுதி. அதற்கென்றே அறைகள் பிரிந்த வயிறு அதற்கு இருக்கிறது. பாம்புக்கு ஒரே வயிறு, ஒரே வழி. மேலே வந்தது என்றால் உள்ளே ஏதோ தவறியிருக்கிறது.

அக்கா இன்னொன்றும் சொன்னாள். அம்மன் கோயில் புற்றுக்குப் பால் ஊற்றச் சொல்லிவிட்டு, அங்கே ராணிக்கும் கொஞ்சம் பால் வைக்கச் சொன்னாள். புற்றுக்கு ஊற்றுவது அவள் மனதுக்கு. ஊற்றட்டும், நானும் கூடப் போனேன். பாம்பின் வாயில் பால் போகக் கூடாது. ஊர்வனவற்றுக்குப் பால் செரிக்காது. ஏற்கெனவே புண்பட்ட வயிற்றில் அது வயிற்றுப்போக்கைத்தான் உண்டாக்கும். தயிர், முட்டை, சோடா உப்பு என்று வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். சுத்தமான தண்ணீர் போதும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மருமகனிடம் நான் அடுத்ததாகக் கேட்டது கூண்டின் சூடு.

“முப்பது டிகிரி காட்டுது மாமா.”

“எது காட்டுது?”

கண்ணாடியில் ஒட்டிய வட்டமான முள் வெப்பமானி. அது கூண்டின் மேல்பகுதிக் காற்றை அளந்துகொண்டிருந்தது. பாம்பு கிடப்பது தரையில். கம்பி முனை உள்ள டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை வாங்கி முனையைத் தரையில் வைக்கச் சொன்னேன். இருபத்து மூன்று காட்டியது. கூண்டு ஜன்னலை ஒட்டி இருந்தது. வெளியே லண்டன் பனி. 2022இல் இங்கிலாந்தில் எரிவாயு, மின்சாரக் கட்டணம் எகிறியதிலிருந்து வீட்டு ஹீட்டரைக் குறைத்து வைப்பது அந்த வீட்டில் பழகிப்போயிருந்தது. ராணி ஏன் கக்கினாள் என்பதற்குப் பாதி விடை அந்த எண்ணிலேயே இருந்தது.

பாம்பின் உடம்பு தனக்கான சூட்டைத் தானே உண்டாக்குவதில்லை. வெளியே இருந்து வாங்க வேண்டும். சூடு குறைந்தால் செரிமான நொதிகள் தளர்ந்துவிடும். செத்த எலியின் குடலில் இருக்கும் பாக்டீரியா அந்த அளவுக்குத் தளராது. அழுகல் முந்திக்கொள்ளும், வாயு கட்டும். உள்ளே அழுகுகிற இரையை வைத்திருந்தால் நஞ்சாகும் என்பதால் பாம்பின் உடம்பு அதை வெளியே தள்ளுகிறது. அந்த நேரத்தில் கக்குவதுதான் அதைக் காப்பாற்றுகிறது. ஆகவே கக்கலை நிறுத்த மருந்து தேடாதீர்கள், கக்க வைத்த குளிரைத் தேடுங்கள்.

போவாவுக்கு வேண்டியது ஒரே சூடு அல்ல, சூட்டில் ஏற்றத்தாழ்வு. கூண்டின் ஒரு முனை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ். மறுமுனை 26, 27. இரவில் 24க்குக் கீழே போகக் கூடாது, இரை உள்ளே இருக்கும் நாட்களில் நிச்சயமாகக் கூடாது. இரண்டு முனையிலும் பாம்பு முழுதாக நுழைந்து ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியாவது இருக்க வேண்டும். சூடான பக்கம் ஒளிய இடமில்லை என்றால் பயத்தில் அது குளிர்ந்த பக்கமே ஒடுங்கிக் கிடக்கும். அப்புறம் எவ்வளவு கரண்ட் செலவழித்தும் பயனில்லை. சூடாக்கும் விரிப்போ விளக்கோ எதுவானாலும் தெர்மோஸ்டாட்டோடு மட்டுமே இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாம்பின் தோல் வெந்துபோகும். வெந்தது தெரியாமல் அது அதிலேயே படுத்துக்கிடக்கும்.

குளிருக்கு அடுத்த காரணம் இரையின் அளவு. போவாவின் உடம்பில் மிகப் பருமனான இடம் எதுவோ, இரை அதைவிடப் பருமனாக இருக்கக் கூடாது. வளர்ந்த போவாவுக்கு இரண்டு, மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு இரை தாராளம். கொழுக்க வைப்பதில் பெருமை இல்லை. சரியாகக் கவனித்தால் போவா இருபது, முப்பது வருடம் வாழும். அமெரிக்காவின் பிலடெல்பியா மிருகக்காட்சிசாலையில் போப்பாய் என்ற போவா நாற்பது வயதைத் தாண்டி 1977இல் இறந்தது. அவ்வளவு நீண்ட ஆயுள் உள்ள உயிரை ஆறு மாதத்தில் பெரிதாக்கிக் காட்ட என்ன அவசரம்?

அங்கெல்லாம் உறைய வைத்த எலிகளைக் கடையில் வாங்கிக் கொடுக்கிறார்கள். அது நல்ல பழக்கம், உயிருள்ள எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். ஆனால் வெளியே இளகி உள்ளே ஐஸாக இருக்கும் எலியைக் கொடுத்தால், பாம்பின் வயிற்றுக்குள்ளேயே குளிரைச் செருகியதாகிவிடும். முதல் நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கி, கொடுப்பதற்கு முன் பையில் போட்டு வெந்நீரில் சூடாக்கி, வயிற்றுப் பக்கத்தை அழுத்திப் பார்த்துக் கொடுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம்.

விழுங்கிய பிறகு கைவைக்கக் கூடாது. குறைந்தது இரண்டு நாள், போவாவுக்கு மூன்று நான்கு நாள். இது மருமகன் வீட்டில் சிரமமான விதியாக இருந்தது. வருகிற நண்பர்களெல்லாம் தோளில் போட்டுப் படம் எடுக்க ஆசைப்படுவார்களாம். காட்டில் இரை உண்ட பாம்பை யாராவது தூக்கினால் அது எதிரி. இரையைக் கக்கி உடம்பை லேசாக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதற்குத் தெரிந்த தப்பிக்கும் வழி. வீட்டிலும் அதையேதான் செய்யும்.

பத்துப் பதினான்கு நாள் கழிந்த பிறகு என்ன? வழக்கமான இரையில் பாதிக்கும் குறைவான ஒன்று. எலி தின்கிற பாம்புக்கு ஒரு சுண்டெலி போதும். அது தங்கிவிட்டால் மறுபடி பத்துப் பதினான்கு நாள் இடைவெளி, மறுபடி அதே அளவு. மூன்று நான்கு சின்ன இரைகள் ஒழுங்காகச் செரித்து மலம் வந்த பிறகே அளவைக் கொஞ்சம் கூட்டலாம். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இரை கொடுத்த தேதி, அதன் எடை, தரைச் சூடு, கக்கிய நேரம். மருத்துவரிடம் போகும்போது உங்கள் ஞாபகத்தைவிட அந்தக் கொப்பி அவருக்குப் பயன்படும். கக்கியதையும் பாருங்கள், அருவருப்பாக இருந்தாலும் பாருங்கள். ஒன்றிரண்டு நாளுக்குள் எலி முழு உருவத்தோடு வந்தால் பெரும்பாலும் குளிர், அளவு, பயம் இவற்றில் ஒன்று. பல நாள் கழித்துக் கூழாகி, தாங்க முடியாத நாற்றத்தோடு வந்தால் நோயைச் சந்தேகிக்க வேண்டும்.

சூடும் சரி, அளவும் சரி, கைவைக்கவும் இல்லை, அப்படியும் இரண்டாம் தடவை கக்கினால் வீட்டில் காத்திருக்காதீர்கள். ஊர்வன பார்க்கத் தெரிந்த மிருக வைத்தியரிடம் போங்கள். கக்கியதையும் மலத்தையும் பையில் கட்டி எடுத்துப் போங்கள். குடற்புழுக்கள் என்றால் மருந்து உண்டு. என்டமீபா இன்வாடன்ஸ் என்ற ஓரணு உயிரி இருக்கிறது. ஆமைகள் அதைச் சுமந்துகொண்டு நலமாகத் திரியும், அது போவாவுக்குப் போனால் குடலை அரித்துக் கொல்லும். ஆமையும் பாம்பும் ஒரே இடத்தில், ஒரே பாத்திரத்தில் கூடாது என்பதற்கு அதுவே காரணம். கிரிப்டோஸ்போரிடியம் என்று இன்னொன்று, பாம்பின் வயிற்றுச் சுவரையே தடிக்க வைக்கும். நடு உடம்பில் வீக்கம் தெரியும், சாப்பிட்டதெல்லாம் திரும்பி வரும். அதற்கு நம்பகமான சிகிச்சை இன்னும் இல்லை. சாதாரண பிளீச்சுக்கும் அது சாவதில்லை.

போவா வளர்ப்பவர்கள் மிகவும் பயப்படுவது வேறொன்றுக்கு. உயிரணுக்களுக்குள் புரதக் கட்டிகள் சேர்கிற நோய், ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக ஐபிடி என்பார்கள். போவாவில் அதன் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று திரும்பத் திரும்பக் கக்குவது. பின்னால் தலை நிலைகொள்ளாது. கழுத்தை மேலே திருகி வானத்தைப் பார்த்தபடி இருக்கும். 1970களிலிருந்தே நோய் தெரியும், காரணம் தெரியாமலே இருந்தது. கலிபோர்னியாவில் லாரி என்ற போவாவை வளர்த்த பெண்மணி ஒருவர், சான் ஃபிரான்சிஸ்கோவில் வைரஸ்களை ஆராயும் ஜோசப் டெரிசிக்கு இந்த நோயைப் பற்றி எழுதிக் கேட்டார். அதே நகரின் காட்சியகம் ஒன்றில் மரப்போவாக்களுக்கு இந்த நோய் வந்தபோது அந்த மாதிரிகளை அவரது குழு ஆராய்ந்தது. 2012இல் அரீனா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த புதிய வைரஸ்கள் வெளிப்பட்டன. அதுவரை அந்தக் குடும்பம் பாலூட்டிகளில் மட்டுமே தெரிந்திருந்தது. தன் பாம்புக்காக ஒருவர் எழுதிய கடிதம் அறிவியலை இவ்வளவு தூரம் நகர்த்தியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மனம் நிறைகிறது. இந்த நோய்க்கும் மருந்து இல்லை. புதுப் பாம்பு வாங்கினால் மூன்று மாதமாவது வேறு அறையில் தனியே வையுங்கள், உண்ணி போன்ற சிறு பூச்சிகள் உடம்பில் இருந்தால் உடனே ஒழியுங்கள். வைரஸைப் பரப்புவதில் அவற்றுக்குப் பங்கிருப்பதாகக் கருதுகிறார்கள். எந்தப் பாம்பைத் தொட்டாலும், கக்கியதைத் துடைத்தாலும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுங்கள். சால்மொனெல்லா நமக்கும் பிள்ளைகளுக்கும் வரும்.

ராணிக்குச் சோதனையில் எதுவும் வரவில்லை. ஜன்னலிலிருந்து கூண்டை நகர்த்தினார்கள். தெர்மோஸ்டாட் வந்தது, சுற்றிலும் கதவு வரை மறைப்பு வந்தது. பட்டினி நாட்களில் மருமகன் தினமும் கூப்பிடுவான். “இன்னும் குடுக்க வேணாமா மாமா?” “வேணாம்டா, பொறு.” கடைசியில் கொடுத்த சுண்டெலி தங்கியது. இப்போது நன்றாக இருக்கிறாள்.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் பக்கத்துப் பையன்கள் சிலருக்கு ஆசை வரலாம். வேண்டாம் என்று சொல்கிறேன். துன்சினன் பக்கமோ ஷீன் பக்கமோ மார்கழியில் விடியற்காலை எழுந்து பிரட்டுக்குப் போகிறவர்களிடம் குளிரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கம்பளிக்குள் நாமே நடுங்குகிற இடத்தில் ஒரு போவாவை ராத்திரி முழுக்க 24 டிகிரிக்கு மேல் வைத்திருப்பது எப்படி? 2022 மார்ச் கடைசியில் நாட்டில் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் போனதே, அப்படி ஒரு நாள் வந்தால் வயிற்றில் இரையோடு கிடக்கும் பாம்பின் கதி என்ன? நம் தீவில் போவாவுக்குத் தூரத்துச் சொந்தமான மண்ணுளிப் பாம்புகூட வடக்கின் உலர்ந்த மணற்பாங்கான நிலங்களில்தான் வாழ்கிறது, மலைக்கு ஏறி வரவில்லை. போவா குடும்பத்தைப் பார்க்க ஆசையானால் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போங்கள். கொழும்பின் வெக்கையில் அங்கே அனகொண்டாக்கள் நன்றாகவே பெருகின. 2014இல் ஏழு அனகொண்டாக்கள் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு அனுப்பப்பட்டன.

சட்டமும் இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி, வெளிநாட்டு உயிரினத்தை அனுமதியில்லாமல் கொண்டுவருவது குற்றம். காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையிலும் போவா இருக்கிறது. கள்ளத்தனமாக வருபவை எப்படி வருகின்றன என்று பாருங்கள். 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன. பெட்டிக்குள் நசுங்கி, நீரின்றி, குளிரில் வந்து சேரும் குட்டிகள் விற்பவன் கையில் உயிரோடு இருக்கும், வாங்கியவன் வீட்டில் கக்கிச் சாகும்.

வளர்க்க முடியவில்லை என்று காட்டில் விட்டுவிடுவதும் தீர்வல்ல. புளோரிடாவில் அப்படி வெளியேறிய பர்மிய மலைப்பாம்புகள் பெருகி அங்குள்ள முயல், ரக்கூன்களைத் தின்று தீர்த்தன. 2017இல் தமிழ்நாட்டிலிருந்து இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் வரவழைத்துப் பிடிக்கச் சொல்லும் நிலை வந்தது. தடம் பார்த்தே பாம்பைக் கண்டுபிடிக்கிற அவர்கள் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் மக்களின் அறிவுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில் எனக்குப் பெருமை.

கடைசியாக ஒன்று. மலையிறங்கி மகாவலி போகும் தாழ்நிலங்களில் நம்முடைய சொந்த மலைப்பாம்பு இருக்கிறது. ஆட்டையோ நாயையோ விழுங்கிவிட்டு நகர முடியாமல் கிடக்கும்போது ஊர் கூடிவிடும். கம்பால் குத்துவார்கள், வாலைப் பிடித்து இழுப்பார்கள், கைத்தொலைபேசியில் படம் பிடிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அது இரையைக் கக்கும். ஆட்டுக்காரருக்கு ஆடு திரும்பக் கிடைக்கப்போவதில்லை. பாம்புக்கோ பல வாரத்து உணவு போய், தொண்டையும் புண்ணாகிறது. மலைப்பாம்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிர், அதற்கு நஞ்சும் இல்லை. உங்கள் ஊரிலோ சொந்தக்காரர் ஊரிலோ அப்படி ஒன்று கிடந்தால் பிள்ளைகளையும் நாய்களையும் தள்ளி நிறுத்துங்கள், யாரையும் தொட விடாதீர்கள், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள்.